கண்ணாடி பார்த்து வரைந்த அண்ணன்

உங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்ததுமே பாதிக் களைப்பு போய்விட்டது, சாகுல் அண்ணாச்சி. ஒரு மூஞ்சி இல்லை. ஒரு கடிகாரம், ஒரு காலண்டர், அவ்வளவுதான். எங்கள் ஆட்கள் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். வாசலில் கால் வைக்கும்போதே செத்தவர்கள் எல்லாரும் வரிசையாக நின்று நம்மை முறைப்பார்கள். நெற்றியில் சந்தனப் பொட்டு, கழுத்தில் பிளாஸ்டிக் மாலை, தலைக்கு மேல் மின்னி மின்னி அணைகிற சீரியல் பல்பு. அதெல்லாம் படங்களா? உயிரோடு இருந்தபோது ஊரையே ஏய்த்தவன் படத்தில் சாமியார் மாதிரி சிரிக்கிறான். காது ஒருத்தருடையது, கழுத்து ஒருத்தருடையது. அதைப் பார்த்துவிட்டு வருகிறவன் போகிறவன் எல்லாம் "அப்படியே இருக்காரு" என்பான். அப்படியே இருக்காராம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டீ கொண்டுவரச் சொல்லுங்கள், குடிக்கிறேன். மருமகளிடம் சீனி மட்டும் குறைக்கச் சொல்லுங்கள். வேலை முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் அப்படியே பஸ் ஏறிவிட்டேன். அதே வேலைதான், ஆற்றங்கரை மோட்டார் ரூம். ஊர் தூங்கும்போது ஊருக்குத் தண்ணீர் ஏற்றிவிடுகிற உத்தியோகம். காலையில் குழாயைத் திறந்ததும் தண்ணீர் வந்தால் ஒருத்தனும் நம்மை நினைக்க மாட்டான். வராவிட்டால் ஊரே நினைக்கும்.

வந்த காரியம் சின்னக் காரியம். அண்ணனுக்குத் தலைத் திவசம் வருகிறது. மதினி வீட்டில் அவன் படம் இல்லை. அடித்த ஆணி அப்படியே நிற்கிறது, அதற்குக் கீழே மதினி விளக்கேற்றி வைக்கிறாள். ஆணிக்கு விளக்கு! திவசத்துக்கு நாலு பேர் வருவார்கள், ஆணியையா கும்பிடுவார்கள்? அதற்குள் ஒரு படம் வரைந்து மாட்டியாக வேண்டும். நான்தான் வரைய வேண்டும், வேறு யாருக்கு வரும்? அதில் உங்களிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். கேட்கிறேன், அவசரமில்லை. அவன் போனபோது நீங்கள் காலில் கம்பி வைத்துக்கொண்டு மகள் வீட்டில் படுத்துக் கிடந்தீர்கள். அதற்குப் பிறகு நடந்ததை உங்களுக்கு யார் யாரோ சொல்லியிருப்பார்கள். சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். முதலில் என் வாயால் கேளுங்கள்.

முகம் வரைகிறது என்றால் என்ன நினைத்தீர்கள்? எல்லாரும் விளையாட்டு என்று நினைக்கிறார்கள். பாளையங்கோட்டையில் ஒரு பையன் வகுப்பு நடத்துகிறான், ஞாயிற்றுக்கிழமைகளில். டியூஷன் சென்டர் மாடி. ரெக்ஸ் மாஸ்டர் என்று பேர். மாஸ்டராம். என் சட்டை வயசு இருக்கும் அவனுக்கு. தலைமுடியைப் பின்னால் கட்டியிருப்பான், காதில் ஒரு வளையம். கும்பகோணத்தில் போய் ஓவியம் படித்துவிட்டு வந்தவன். நான் காசு கட்டி, ராத்திரி முழிப்போடு முழிப்பாகப் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் என்ன சொல்லிக்கொடுத்தான் தெரியுமா? "முகத்தோட அகலம் அஞ்சு கண்ணு. ரெண்டு கண்ணுக்கு நடுவுல ஒரு கண்ணு அகலம் இடம் விடணும்." இதைச் சொல்ல ஒரு படிப்பு. நான் அன்றைக்கே மனசில் வாங்கிவிட்டேன். மற்றவர்கள் மாதக்கணக்கில் பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, எதிரில் இருக்கிறவன் மூக்கை அளந்துகொண்டே இருந்தார்கள். வெங்காயம் அளக்கிற மாதிரி.

பிறகு இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரை ஒருவர் வரையச் சொன்னான். எனக்கு எதிரில் ஒரு அம்மாள், பாங்கு வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவர்கள். நல்ல அகலமான முகம், மூக்குத்தி, கன்னத்தில் ஒரு மரு. நான் விறுவிறுவென்று வரைந்து முடித்துவிட்டேன். அந்த அம்மாள் என் மூக்குக்குள்ளேயே இன்னும் சுற்றிக்கொண்டிருந்தார்கள். என்னுடையதை வாங்கிப் பார்த்தார்கள். ரொம்ப நேரம் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்குத் தங்கச்சி உண்டா சார்?" என்று கேட்டார்கள்.

"இல்லம்மா, ஒரு அண்ணன்தான்" என்றேன்.

"இருந்திருந்தா இப்படித்தான் இருந்திருப்பாங்க."

வகுப்பே சிரித்தது. என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது? நான் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். முன்பின் தெரியாத பெண்ணை உடன்பிறந்தவள் மாதிரி வரைய எத்தனை பேருக்கு வரும்? ரெக்ஸ் பையனுக்குத்தான் பொறுக்கவில்லை. பக்கத்தில் வந்து குனிந்து, "அண்ணாச்சி, எதுக்க இருக்கவங்களைப் பாருங்க. நீங்க பேப்பரைத்தான் பாக்கிய. பத்து தடவை அவங்களைப் பாத்தா ஒரு கோடு போடலாம்" என்றான். நான் சொன்னேன், "தம்பி, பாத்துப் பாத்து வரையறதுக்குப் பேரு காப்பி. நான் பாத்ததும் மனசுல வாங்கிருவேன்." அவன், "வீட்ல யாரை வச்சுப் பழகுதிய?" என்றான். "கண்ணாடி வச்சு." "அதான்" என்றான். என்னத்தை அதான்? "கொஞ்ச நாளைக்கு அந்தக் கண்ணாடியை எடுத்து உள்ள வைங்க அண்ணாச்சி" என்றான். உலகத்தில் எல்லா ஓவியனும் கண்ணாடி பார்த்துத்தான் பழகியிருக்கிறான். இவன் எனக்குக் கண்ணாடி கூடாது என்கிறான். நான் அட்டையையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது, இனி அவனிடம் என்ன இருக்கிறது?

கண்ணாடியை விட்டால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள். பகலில் நான் வீட்டில் இருப்பேன், தூக்கம் வராது. இத்தனை வருஷம் ராத்திரி முழித்தவனுக்குப் பகல் தூக்கம் வரும் என்று எவன் சொன்னான்? படுத்தால் காதுக்குள் மோட்டார் ஓடும். வீட்டுக்காரி உலகம்மாளை உட்காரச் சொல்வேன். அவளுக்கு மடியில் எந்நேரமும் பீடித் தட்டு. குனிந்த தலை நிமிராது. "நிமிர்ந்து உக்காருட்டி, முகம் தெரியட்டும்" என்றால், "நிமிர்ந்தா பீடியை யாரு சுத்துவா? உச்சந்தலைய வரைங்க, அதுவும் நான்தான்" என்பாள். இவளை வைத்துக்கொண்டு கலை வளர்க்க முடியுமா? கண்ணாடி அப்படியா? உட்கார் என்றால் உட்காரும், இரு என்றால் இருக்கும். கண்ணாடியில் தெரிகிறவன் என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேச மாட்டான். இடது பக்கம் திரும்பி ஒன்று, வலது பக்கம் திரும்பி ஒன்று, கோபத்தில் ஒன்று, யோசனையில் ஒன்று. கரியில், பென்சிலில், வாட்டர் கலரில். ஒரு அலமாரி நிறைய இருக்கிறது. எலி கடித்தது போக.

அண்ணனும் ஒரு நாள் வந்தான். உங்களோடு லாரியில் விஜயவாடா லோடு போய்விட்டு வந்து இறங்கிய மறுநாள். குளித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். கருப்புக் கண்ணாடி போடாமல் வந்திருந்தான், அதுதான் ஆச்சரியம். உங்களுக்குத் தெரியுமே, போட்டோ என்றால் அவன் கூலிங் கிளாஸைத் தேடுவான். ஒரு கண் கொஞ்சம் விலகும் இல்லையா, அந்தக் கூச்சம்.

"ஏல ஆறுமுகம், என்னை ஒண்ணு வரைல" என்றான்.

"இரு அண்ணே" என்றேன். "முதல்ல லட்சணமா இருக்க முகத்தைப் போட்டுப் பழகணும். கோணல் மாணல் எல்லாம் பெறவுதான்." வகுப்பில் படித்த முறை அது. சரியாகத்தானே சொன்னேன்?

அவன் சிரித்தான். "அப்ப நீ வரையறதைப் பாக்கேன்" என்று சொல்லி எனக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்துகொண்டான். நான் கண்ணாடியைப் பார்த்து வரைகிறேன், என் தோளுக்கு மேல் இவன் மூஞ்சியும் கண்ணாடிக்குள் தெரிகிறது. வரைகிறவனுக்கு எவ்வளவு இடைஞ்சல் பாருங்கள். "அண்ணே, கொஞ்சம் தள்ளி உக்காரு, கண்ணாடியில வாரே" என்றேன். தள்ளி உட்கார்ந்தான். ரொம்ப நேரம் இருந்தான். நான் முடித்துவிட்டுத் திரும்பினால் ஆள் இல்லை. உலகம்மாளிடம் காப்பி வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டானாம். இப்படித்தான், ஒரு பொறுமை கிடையாது.

அதற்கப்புறம் அவன் போய்ச்சேர்ந்த கதைதான் உங்களுக்குத் தெரியுமே. சாப்பிட்டுக்கொண்டே இருந்தவன் சாய்ந்தான். அதை விடுங்கள்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் படம் வேண்டும். வீடு முழுக்கத் தேடினோம். போட்டோ எல்லாம் கூலிங் கிளாஸ், இல்லாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு எங்கேயோ பார்க்கிறான். வாக்காளர் அட்டையில் இருக்கிறதைப் பார்த்தால் அண்ணனும் ஒன்றுதான், கரி அப்பிய அடுப்பும் ஒன்றுதான். லைசென்ஸைச் சட்டைப்பையிலேயே வைத்து வியர்வையில் ஊறவைத்திருந்தான். செண்பக மதினி அந்தக் கூலிங் கிளாஸ் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனாள்.

ஸ்டுடியோக்காரன் வாங்கிப் பார்த்தான். "கோட்டு போடவா, வெள்ளைச் சட்டை போடவா?" என்றான். துணிக்கடைக்காரன் கேட்கிற மாதிரி. என் அண்ணன் கோட்டுப் போட்டானா என்றைக்காவது? லாரியில் பனியனோடு போனவன். மதினி, "சட்டை இருக்கட்டும். இந்தக் கண்ணாடிய எடுத்துட்டுக் கண்ணு தெரியுத மாதிரி பண்ண முடியுமா?" என்று கேட்டாள். "அதெல்லாம் கம்ப்யூட்டர்ல பண்ணிரலாம்க்கா. கண்ணு வச்சிரலாம்" என்றான்.

"யாரு கண்ணு?" என்று கேட்டேன் நான்.

"நம்மகிட்ட நிறைய கண்ணு கிடக்கு அண்ணாச்சி. பொருத்தமா ஒண்ணு எடுத்து வச்சிருவேன்."

எப்படி இருக்கிறது பாருங்கள்! எவனோ ஒருத்தன் பாஸ்போர்ட்டுக்கு எடுத்த கண்ணைப் பிடுங்கி என் அண்ணன் முகத்தில் வைப்பானாம். செத்தவனுக்கு அடுத்தவன் கண்! மதினியைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். "மதினி, நான் இருக்கேன். அவன் கூடப் பொறந்தவன் நான். என் கையால வரைஞ்சு தாரேன்" என்றேன். மதினி மெதுவாக, "அவுகளுக்கும் அது ஒரு ஆசையாத்தான் இருந்துது" என்றாள்.

வரைந்தேன். சும்மா இல்லை, கேன்வாஸில் ஆயில் கலர். முதல் தடவை. ராத்திரி மோட்டார், பகல் தூரிகை. யாரையும் பார்க்காமல், எந்தப் போட்டோவையும் வைக்காமல் வரைந்தேன். கை தானாகப் போயிற்று அண்ணாச்சி. நெற்றி, புருவம், மூக்கு, மீசை எல்லாம் எங்கே என்ன இருக்கிறது என்று கைக்கே தெரிந்திருந்தது. உலகம்மாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு போனாள். அழுகிறாள் என்று நினைத்தேன். படத்தைப் பார்த்து ஒரு ஆள் அழுதால் அதைவிட என்ன வேண்டும் ஒரு கலைஞனுக்கு?

பதினாறாம் நாள் காலையில் நானே கொண்டுபோய் மாட்டினேன். மதினி அடுக்களையில் அழுதுகொண்டு கிடந்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. யாரோ மாலை போட்டார்கள், பொட்டு வைத்தார்கள், குத்துவிளக்கு வைத்தார்கள். வருகிறவர்கள் எல்லாம் படத்தைக் கும்பிட்டுவிட்டு என்னைப் பார்ப்பார்கள், மறுபடியும் படத்தைப் பார்ப்பார்கள். வரைந்தவன் இவன்தான் என்று அதற்குள் பரவிவிட்டது போல.

அப்போதுதான் பம்பாயிலிருந்து சங்கரபாண்டி மாமா வந்தார். எங்கள் அம்மாவின் தம்பி. காரிலிருந்து இறங்கியதும் நேரே உள்ளே போனார். படத்துக்கு முன்னால் நின்றார். நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒரு கத்து கத்தினார்: "ஏல ஆறுமுகம்! நீயுமால போயிட்டே! எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே!" நான் அந்த நேரம் பார்த்துக் காப்பித் தம்ளரோடு அவருக்குப் பின்னால் போய், "மாமா, காப்பி" என்றேன். மனிதர் திரும்பிப் பார்த்தார். தம்ளர் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். முகத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டியதாயிற்று. ஒரு கண்ணில்தான் ஆபரேஷன் பண்ணியிருக்கிறார், இன்னொன்றில் புரை அப்படியே இருக்கிறது. அந்தக் கண்ணோடு பம்பாயிலிருந்து வந்து என் படத்துக்குத் தீர்ப்புச் சொன்னால் அதற்கு நானா பொறுப்பு?

கதை அதோடு முடிந்திருக்கும். உலகம்மாள்தான் கெடுத்தாள். மாமா போட்ட கத்தலில் அவளுக்கு என்ன வந்ததோ, கூட்டத்தை விலக்கிக்கொண்டு விறுவிறுவென்று வந்தாள், ஸ்டூலைப் போட்டாள், ஏறினாள், மாலையைப் பிடித்து இழுத்தாள். மாலை அறுந்து பூவெல்லாம் விளக்கில் விழுந்தது.

அடுக்களையிலிருந்து மதினி ஓடிவந்தாள். "ஏட்டி, என் புருசனுக்குப் போட்ட மாலைய எதுக்கு அறுக்கே?"

"இது உங்க புருசன் இல்லக்கா. எங்க வீட்டுக்காரரு."

"என் வீட்டு விசேஷத்துல உன் வீட்டுக்காரரு எங்கட்டி வந்தாரு?"

"அதத்தான் நானும் கேக்கேன். நல்லாப் பாருங்க. இது யாரு? இந்த மீசை யாரு மீசை? உசுரோட நடமாடுத மனுசனுக்குப் பொட்டு வச்சு மாலை போட்டு ஒப்பாரி வச்சா நான் எப்படிக்கா வெளங்குவேன்? எனக்குப் பயமா இருக்குக்கா." சொல்லிக்கொண்டே தன் முந்தானையால் படத்தின் நெற்றிப் பொட்டைத் துடைக்கிறாள். ஆயில் கலர் காய நாளாகும் அண்ணாச்சி. சந்தனத்தோடு சேர்ந்து புருவமும் போய்விட்டது. என் உழைப்பு!

"அண்ணன் தம்பின்னா ஜாடை இருக்கத்தானம்மா செய்யும்" என்றார் கூட்டத்தில் ஒருத்தர். விவரம் தெரிந்த மனிதர். யார் கேட்டார்கள்?

மதினி கீழே இருந்த விளக்கை எடுத்தாள். படத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். பதினாறு நாளில் முதல் தடவையாக அப்போதுதான் அழுகையை நிறுத்தியிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கண்ணு எங்க கொழுந்தனாரே?"

நான் விளக்கமாகச் சொன்னேன். "மதினி, அதை நான் வேணும்னுதான் நேராக்கினேன். நாளைக்குப் பேரன் பேத்தி பாக்குத படம். ஒண்ணரைக்கண்ணன்னு நெனைக்க வேண்டாமேன்னு. ஒரு மரியாதைக்கு."

"அந்தக் கண்ணப் பாத்துத்தானே நான் கட்டிக்கிட்டேன்" என்றாள் மதினி. "பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு ஒரு கண்ணு என்னையப் பாத்துது, இன்னொரு கண்ணு எங்க அப்பா சம்மதிப்பாராங்குத மாதிரி அவரப் பாத்துது. சிரிப்பாணிய அடக்க முடியாம உள்ள ஓடிட்டேன். அந்தக் கண்ணு இல்லன்னா இது யாரு?"

சபை நடுவில் பேசுகிற பேச்சா? அவள் விடவில்லை.

"எந்தக் கண்ண நேராக்குனிய?"

"இடது" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள்.

"வலது" என்றேன்.

சிரித்தாள் அண்ணாச்சி. பதினாறாம் நாள் அன்றைக்குப் புருஷனை இழந்தவள் சிரிக்கிறாள்! சிரித்துக்கொண்டே படத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "ஒரே தட்டுல தின்னு, ஒரே பாயில படுத்து வளந்திய. எந்தக் கண்ணுன்னு தெரிஞ்சிக்கிட்டு வந்து வரைங்க. நான் சொல்ல மாட்டேன். எம்பிள்ளையையும் சொல்ல விட மாட்டேன். அதுவரைக்கும் ஆணியே இருக்கட்டும்" என்றாள். அன்றைக்கு விளக்கு வைத்தவள்தான், இன்றுவரைக்கும் வைத்துக்கொண்டிருக்கிறாள், ஆணிக்கு.

எனக்குத் தெரியாமல் இல்லை. தெரியும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அது வரைகிறவனுக்குத்தான் புரியும். கண்ணாடியில் பார்த்தால் இடது வலதாகும், வலது இடதாகும். கடைசியாக அவனைக் கவனித்துப் பார்த்தது கண்ணாடியில்தான். அதில் கோளாறான கண் இந்தப் பக்கம் இருந்தது. அப்படியானால் நேரில் அந்தப் பக்கம். ஆனால் அவன் எனக்குப் பின்னால் இருந்தான், நானும் அந்தப் பக்கம் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தேன். அப்படியானால் மறுபடியும்... இதையெல்லாம் மதினியிடம் சொன்னால் புரியுமா?

சொந்தக்காரர்களைக் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தருக்கும் ஒரு நினைவு கிடையாது, ஆனால் எல்லாருக்கும் வாய் உண்டு. பம்பாய் மாமா இடது என்கிறார். நம்பலாமா? அத்தை வலது என்கிறாள். அண்ணன் மகளுக்குச் சென்னைக்குப் போன் போட்டேன். "சித்தப்பா, நீங்க இதக் கேக்கலாமா?" என்று அழுதுவிட்டு வைத்துவிட்டாள். அம்மாக்காரி சொல்லிக்கொடுத்தது. உலகம்மாளைக் கேட்டால், "மூத்தாரை நான் நிமிர்ந்து பாத்துப் பேசியிருக்கேனா?" என்கிறாள். மாலையை அறுக்க மட்டும் நிமிரத் தெரிந்தது. கடைசியில் கேட்டாள்: "என் மூக்குல மூக்குத்தி எந்தப் பக்கம், கண்ண மூடிட்டுச் சொல்லுங்க பாப்போம்." இது என்ன கேள்வி? இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் நான் எப்போது வரைவது? மோட்டாருக்கு நேரமாச்சு என்று கிளம்பி வந்துவிட்டேன்.

அப்போதுதான் உங்கள் நினைவு வந்தது. நீங்கள் ஓட்டினால் அவன் உங்களுக்கு இடது பக்கம் இருப்பான். அவன் ஓட்டினால் வலது பக்கம். எத்தனை வருஷம், எத்தனை ஊர்! அவனை இரண்டு பக்கமும் பார்த்த ஆள் நீங்கள் ஒருத்தர்தான். எனக்கு அந்த வசதி இல்லையே. நான் வேலைக்குப் போகும்போது அவன் வருவான், அவன் கிளம்பும்போது நான் தூங்கப் போவேன்.

நான் சும்மா கேட்க வரவில்லை. வேலையோடு வந்திருக்கிறேன். இந்தப் பையைக் கொஞ்சம் பிடியுங்கள். டீயைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், கலர் ஒட்டும். இரண்டு படம் வரைந்துவிட்டேன், பாருங்கள். இதில் இடது கண் விலகுகிறது, இதில் வலது கண் விலகுகிறது. மற்றதெல்லாம் ஒன்றுதான். நீங்கள் எது என்று விரலை வையுங்கள், போதும். இன்னொன்றை இங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு, இதைக் கொண்டுபோய் அந்த ஆணியில் மாட்டிவிடுகிறேன். மதினி ஒரு சொல் சொல்ல முடியாது. ஒரு சொல்!

மருமகள் எதற்குச் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடுகிறாள்? சின்னப் பிள்ளைகளுக்கு எதைப் பார்த்தாலும் சிரிப்பு.

சொல்லுங்கள் அண்ணாச்சி. வெளிச்சம் போதவில்லையா? சன்னல் பக்கம் திருப்பட்டுமா? என்னை எதற்குத் திருப்புகிறீர்கள்? சரி, திரும்பிவிட்டேன். தாடையைப் பிடித்தால் நான் எப்படிப் பேசுகிறது? கண்ணை மூடவா, திறக்கவா? சரி, திறந்தே இருக்கட்டும்.

அடடா, அழாதீர்கள். என்ன அண்ணாச்சி இது, பெரிய மனிதர். பார்த்தீர்களா, பார்த்ததும் ஒரு ஆளை இப்படி உலுக்குகிறது என்றால் அதுதான் படம். அந்த ரெக்ஸ் பையனை இழுத்துவந்து இந்தக் கண்ணீரைக் காட்ட வேண்டும். முதல் தடவையாக ஒரு மனிதர் ஒழுங்காகப் பார்க்கிறார்.

ஆனால் இங்கே பாருங்கள் அண்ணாச்சி. என்னை ஏன் இப்படிப் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள்? படம் கீழே இருக்கிறது.